வெளிநாட்டில் ஓட்டிய காரை ஊருக்குக் கொண்டுவரலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: துபாயில் பல ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டுக் குடும்பத்துடன் ஊர் திரும்பவிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே வாங்கிய என் கார் நல்ல நிலையில் இருக்கிறது. வீட்டுச் சாமான்களோடு அதையும் கப்பலில் ஏற்றிவிட்டால், குடிபெயர்ந்து வருவோருக்கான வரிச் சலுகை கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருப்பது தடையாகுமா?
– வாசகர், கடையநல்லூர்

பதில்: தடையாகும். இறக்குமதியாகும் பழைய காரின் ஸ்டீயரிங்கும் மற்ற இயக்கக் கருவிகளும் வலப்பக்கம் இருக்க வேண்டும், வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும், முகப்பு விளக்கின் ஒளி இடப்புறமாகச் செல்லும் போக்குவரத்துக்கு ஏற்றபடி விழ வேண்டும் என்பவை இந்திய இறக்குமதிக் கொள்கையின் நிபந்தனைகள். துபாயில் சாலையின் வலப்புறம் ஓட்டுகிறார்கள் என்பதால், உங்கள் காரின் ஸ்டீயரிங், விளக்கு இரண்டுமே இந்த நிபந்தனைக்குப் பொருந்தா. ஸ்டீயரிங்கை மாற்றிப் பொருத்திக்கொண்டால் என்ன என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தச் செலவில் இறங்க வேண்டாம்.

சலுகையைப் பற்றி நண்பர்கள் சொன்னதும் சரியன்று. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டம் பயணியின் உடைமை எது என்று வரையறுக்கும் இடத்திலேயே மோட்டார் வாகனத்தை விலக்கிவிடுகிறது. ஆகவே பீரோ, கட்டில், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுக்குக் கிடைக்கும் எந்தச் சலுகையும் காருக்குக் கிடையாது. அங்கேயே விற்றுவிட்டு வருவதுதான் உங்களுக்கு லாபம்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கும் வலப்பக்க ஸ்டீயரிங்தான். என் கார் தயாராகி இரண்டரை ஆண்டு ஆகிறது. சென்னைத் துறைமுகத்தில் இறக்கித் தஞ்சாவூரில் பதிவு செய்ய எண்ணுகிறேன். பழைய கார் என்பதால் வரி குறைவாகத்தானே இருக்கும்? இதற்கு ஏன் இத்தனை கெடுபிடி?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: கெடுபிடிக்கு ஒரு வரலாறு உண்டு. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா தோற்றதைத் தொடர்ந்து, எந்தப் பொருள் எவ்வளவு வரலாம் என்று இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியிருந்தவை 2001 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டன. அப்போது மத்திய வர்த்தக அமைச்சராக இருந்தவர் முரசொலி மாறன். கட்டுப்பாடு விலகியதும் ஜப்பான் போன்ற நாடுகள் கழித்துவிடும் கார்கள் இங்கே வந்து குவிந்துவிடும் என்று உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் அஞ்சினார்கள். வெளிப்படையாகத் தடை விதிக்க வழியில்லாத நிலையில், நிபந்தனைகளும் உயர்ந்த வரியும் தடையின் வேலையைச் செய்தன என்பதே என் கருத்து.

ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்ற முதல் நிபந்தனையை உங்கள் கார் தாண்டிவிடும். இரண்டாவது நிபந்தனை வயது: கார் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. இந்தக் கணக்கு தயாரிப்பு நாளிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் பதிவு செய்த நாளை யாரும் பார்க்கமாட்டார்கள். உங்களிடம் எஞ்சியிருப்பது ஆறு மாதம். அதற்குள் கப்பல் ஏற்றுவதற்கு முன்பான சோதனைச் சான்றிதழும், இறக்குமதியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு வண்டி சாலையில் ஓடத் தகுதியுள்ளது, அக்காலம் முழுவதும் இந்தியாவில் பழுதுபார்ப்பு வசதி தரப்படும் என்ற உறுதியும் தயாராக வேண்டும். அந்த மாடல் இந்தியாவில் விற்பனையிலேயே இல்லாவிட்டால் இந்த உறுதியைப் பெறுவது எளிதன்று. பலருடைய திட்டம் வரிக் கணக்குக்கே வராமல் இங்கேயே நின்றுவிடும்.

சென்னையில் இறக்கவும் இயலாது. பழைய வாகனங்களுக்கு மும்பைத் துறைமுகம் ஒன்றே வாசல். இறங்கிய பிறகும் உடனே கைக்கு வராது. புனேயிலுள்ள வாகன ஆராய்ச்சி நிலையம், அகில்யாநகரிலுள்ள (முன்பு அகமதுநகர்) ராணுவ வாகன ஆராய்ச்சி நிறுவனம், மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலுள்ள சோதனை நிலையம் ஆகியவற்றுள் ஒன்றில் வண்டி சோதிக்கப்பட்டு, நம் மோட்டார் வாகன விதிகளுக்கு ஒத்தது என்று சான்று பெற வேண்டும்.

இனி வரி. நீங்கள் செகண்ட் ஹேண்டாக என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதைச் சுங்கத்துறை பொருட்படுத்துவதில்லை. அந்தக் கார் புதிதாக விற்கப்பட்டபோது இருந்த விலையை எடுத்துக்கொண்டு, முதல் ஆண்டில் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 3 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 2.5 சதவீதம் எனத் தேய்மானம் கழிக்கிறார்கள். மூன்று ஆண்டு முடிந்தாலும் கழிவு 38 சதவீதம்தான். மிச்சத்தோடு கப்பல் கட்டணமும் காப்பீடும் சேரும். அதன்மேல் பல ஆண்டுகளாக 125 சதவீத அடிப்படைச் சுங்க வரி இருந்தது. 2025 பட்ஜெட்டில் அது 70 ஆக இறங்கினாலும், வேளாண் உள்கட்டமைப்புக்கான கூடுதல் வரி அந்த இடத்தை நிரப்பியதால் சுமை குறையவில்லை. ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் வரி மட்டுமே காரின் மதிப்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும். தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகைக்கு இங்கே புதுக் காரே கிடைக்கும் என்பதால், அந்தக் காரின் மீது தனிப் பற்று இருந்தாலொழிய இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கேள்வி: ஜெர்மனியிலுள்ள என் மகளும் மருமகனும் தங்கள் வேனிலேயே தரைவழியாக இந்தியா வரத் திட்டமிடுகிறார்கள். அதற்கும் இதே வரியா? பயணம் முடிந்ததும் வேனை எங்களிடம் விட்டுச் செல்ல முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சுற்றுலாவாக வந்து திரும்பும் வண்டிக்கு வரி இல்லை. அவர்கள் அங்குள்ள மோட்டார் சங்கத்திடம் கார்னே என்னும் சுங்கப் பத்திரத்தைப் பெற வேண்டும். அதற்கு ஈடாகக் கணிசமான தொகையைப் பிணையாக வைக்க வேண்டியிருக்கும். இதன்படி வண்டி ஆறு மாதம் வரை இங்கே இருக்கலாம். இடப்பக்க ஸ்டீயரிங் இங்கே தடையன்று. சைகை காட்டும் கருவி வேலை செய்தால் போதும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு.

வேனை விற்கவோ உங்களிடம் விட்டுச் செல்லவோ முடியாது. நுழையும்போதும் வெளியேறும்போதும் சுங்க அதிகாரிகள் பத்திரத்தில் முத்திரையிடுவார்கள். வெளியேறிய முத்திரை இல்லாவிட்டால், பத்திரம் கொடுத்த சங்கத்திடம் இந்திய அரசு முழு வரியையும் கேட்கும். சங்கம் அதை உங்கள் மருமகன் வைத்த பிணையிலிருந்து எடுத்துக்கொள்ளும்.