வேலையை விட்டுவிட்டு சி.எம்.ஏ. படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. பி.காம். முடித்து, குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (சிரட்டையில் உறைந்த ரப்பர்பால்) வாங்கி விற்கும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 15,000 ரூபாய். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுவது நான், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்வது மார்த்தாண்டத்தில் உள்ள ஆடிட்டர் ஆபீஸ். சி.எம்.ஏ. (காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு) இன்டர், அதாவது இடைநிலைத் தேர்வு, எழுத ஆசை. திருவனந்தபுரத்தில் ஒரு கோச்சிங் சென்டர் இரண்டு குரூப்புக்கும் சேர்த்து 65,000 ரூபாய் கேட்கிறது. ஒரு வருடப் பகல் வகுப்பு என்பதால் வேலையை விட வேண்டிவரும். வளையலைப் பணயம் வைக்கலாம் என்கிறார் அம்மா. மாதம் 2,000 ரூபாய் வீதம் 20 மாதச் சீட்டு ஒன்றும் கட்டுகிறேன்; 6 மாதம் ஆகிறது. அதை ஏலத்தில் கழிவு விட்டு முன்கூட்டியே தள்ளி எடுக்கலாமா?
- வாசகி, குலசேகரம்

பதில்: வேலையை விடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

65,000 ரூபாய் என்பது கோச்சிங் சென்டரின் பில் மட்டுமே. ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் இருந்தால் 1,80,000 ரூபாய் போகும்; அதை யாரும் ரசீது போட்டுக் காட்டமாட்டார்கள். வளையலை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு வைத்தால்கூட வருடத்துக்கு 7,800. எல்லாம் கூட்டினால் இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது, வண்டிச் செலவைச் சேர்க்காமலே. தனியார் கோச்சிங்குக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. சொன்ன தொகையில் அது அடக்கமா என்று கேட்டீர்களா? இல்லையென்றால் இன்னும் 11,700 சேரும்.

ஆனால் தேர்ந்தெடுத்த படிப்பு சரிதான். சி.ஏ. என்றால் ஆடிட்டரிடம் முழுநேரப் பயிற்சி (ஆர்ட்டிகிள்ஷிப்) கட்டாயம். 2023-ல் அதை 2 ஆண்டாகக் குறைத்தார்கள் என்றாலும், அந்த 2 ஆண்டும் கடை வேலையில் இருந்துகொண்டே ஓட்ட முடியாது. சி.எம்.ஏ. இன்டரை வேலையில் இருந்தபடியே எழுதலாம். பட்டதாரி என்பதால் ஃபவுண்டேஷன் என்ற முதல்நிலைத் தேர்வும் எழுத வேண்டாம்.

இன்டரில் 8 தாள், குரூப்புக்கு நான்கு. ஒவ்வொரு தாளிலும் 40 மார்க், குரூப்பில் மொத்தமாக 50 சதவீதம் வேண்டும். ஒரு தாளில் 60 எடுத்துவிட்டால், குரூப் போனாலும் அடுத்த முறை அந்தத் தாளுக்கு விலக்குக் கிடைக்கும். முதல் குரூப் மட்டும் எழுதுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டச் சொல்வது கோச்சிங் சென்டரின் வசதிக்காக, உங்களுக்காக அல்ல.

முதல் குரூப்பின் நான்கு தாள்கள்: வணிகச் சட்டம், நிதிக் கணக்கியல், நேர்முக-மறைமுக வரி, காஸ்ட் அக்கவுண்டிங் (அடக்கவிலைக் கணக்கு). இதில் இரண்டு உங்கள் மேஜையிலேயே இருக்கின்றன. களியக்காவிளை தாண்டி கேரளத்துக்கு ஷீட் போனால் மாநிலங்களுக்கு இடையிலான ஐ.ஜி.எஸ்.டி., நாகர்கோவிலுக்கு வந்தால் மத்திய அரசின் சி.ஜி.எஸ்.டி.யும் மாநில அரசின் எஸ்.ஜி.எஸ்.டி.யும். மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்லும் மின்னணுச் சீட்டு), தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். சென்னையில் படிக்கிற பையன் மனப்பாடம் செய்வதை நீங்கள் தினமும் லோடு ஏற்றும்போது பார்க்கிறீர்கள். குறை ஒன்றுதான்: ரிட்டர்ன் வேறு இடத்தில் போடப்படுகிறது. முதலாளியிடம் கேட்டு, மாதம் ஒருமுறை ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) இரண்டையும் தாக்கல் செய்யப் பழகுங்கள். சி.எம்.ஏ. முடியாமல் போனாலும் இது கையில் நிற்கும். சம்பளம் உயர்த்திக் கேட்க இதைவிட நல்ல காரணம் இல்லை.

புத்தகத்துக்குச் செலவு வேண்டாம். சி.எம்.ஏ. தேர்வை நடத்தும் இன்ஸ்டிட்யூட்டின் ஸ்டடி நோட்ஸை அவர்களுடைய இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காஸ்ட் அக்கவுண்டிங் ஒன்றுக்கு மட்டும் பதிவு செய்த வீடியோ வகுப்பு வாங்குங்கள். கடை வேலையில் அது கண்ணில் படாத பாடம்.

இனி நேரம். பணத்தைவிட இதுதான் உங்களுக்குத் தட்டுப்பாடு. கணக்கு எழுதுபவர்களுக்கு மாதத்தின் 11-ம் தேதியும் (ஜி.எஸ்.டி.ஆர்.-1) 20-ம் தேதியும் (3பி) கழுத்தைப் பிடிக்கும். ஆகவே 21 முதல் அடுத்த மாதம் 5 வரை தினம் இரண்டு மணி நேரம், மற்ற நாட்களில் அரை மணி போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் மூன்று மணி என்று அட்டவணை போடுகிறவர்கள் முதல் 11-ம் தேதியிலேயே அதைக் கிழித்துவிடுகிறார்கள்.

தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். நான் ஜூனைச் சொல்வேன். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நிற்கும். ஷீட் வரத்து குறையும். மார்ச் கடைசியில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற வேலை இருந்தாலும் பில் குறைவு, படிக்க நேரம் கிடைக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வெட்டு மறுபடியும் முடங்கும். முதலாளியிடம் லீவு கேட்க ஏற்ற மாதம். ஆனால் தேர்வு வழக்கமாக இரண்டாவது வாரத்தில் தொடங்கி 11-ம் தேதியோடு மோதும். மே மாத விற்பனை விவரத்தை ஜூன் 5-ம் தேதிக்குள் ஆடிட்டருக்குக் கொடுத்துவிடுவதாக இப்போதே பேசி வையுங்கள். ஜூனில் எழுத ஜனவரி 31-க்குள் பதிவு செய்ய வேண்டும்.

சீட்டை இப்போது தள்ளி எடுக்காதீர்கள். 40,000 ரூபாய்ச் சீட்டை 25 சதவீதம் தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 30,000. மீதி 14 மாதத் தவணையும் தலைமேல் நிற்கும். கடைசிவரை இருந்தால் மற்றவர்கள் தள்ளியதில் உங்களுக்கும் பங்கு வரும். அது பதிவு பெற்ற சீட்டுதானா என்று பாஸ்புக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் குரூப் செலவுக்கு வங்கியில் மாதம் 2,000 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. (தொடர் வைப்பு) தொடங்குங்கள். சீட்டு முடிந்து வரும் பணம் இரண்டாவது குரூப்புக்கு.

தட்டச்சுத் தேர்வோடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கணக்கியல் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளையும் யாராவது சொல்லியிருப்பார்கள். செலவு குறைவு. ஆனால் பி.காம். படித்த உங்களுக்குத் தனியார் வேலையில் அது பெரிதாகக் கூட்டித் தராது. அரசு வேலை எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

வரிச் சலுகை பற்றி யாராவது பேசினால் காது கொடுக்க வேண்டாம். சொந்தப் படிப்புக் கட்டணத்துக்கு வருமான வரிக் கழிவு (80சி என்பார்கள்) கிடையாது, உங்கள் சம்பளத்துக்கு வரியும் கிடையாது. வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும்.