அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியும் பேச்சு புரியவில்லை என்கிறார். காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தால் பழையபடி கேட்குமா? எவ்வளவு ஆகும்?

பழையபடி கேட்காது. பேச்சு புரிய வாய்ப்பு இருக்கிறது. இம்ப்ளாண்ட் என்பது ஆபரேஷன் செய்து உள்காதுக்குள் வைக்கும் மெல்லிய கம்பி. காதுக்கு வெளியே மாட்டும் பிராசஸர் பிடிக்கும் சத்தத்தை அது கரண்டாக நேரே நரம்புக்குக் கொடுக்கும். டாக்டராகச் சொல்லவில்லை, எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்டும் இல்லை. திண்டுக்கல்லில் பைப், ஃபிட்டிங்ஸ் கடை வைத்திருக்கிறேன். வலது காதில் இம்ப்ளாண்ட், இடது காதில் மெஷின்.

அப்பா இந்நேரம் மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டிருப்பார். "இவ்வளவு காசு கொட்டியும் மாட்ட மாட்டேங்கிறார்" என்று வீட்டில் திட்டும் விழுந்திருக்கும். எனக்கும் விழுந்தது. சத்தம் கேட்கும், சொல் விளங்காது. இதை நல்ல காது உள்ளவர்களுக்குப் புரியவைக்க முடியாது. உள்காதில் நரம்புக்குச் சேதி சொல்லும் மயிர்ச் செல்கள் செத்துவிட்டால், மெஷின் எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பிளம்பர் "ஒன்னேகால் எல்போ" என்பார், நான் முக்கால் எடுத்து வைப்பேன். என் காதுக்கு வந்தது 'கால்' மட்டும். பழகியவர்கள் துண்டுச்சீட்டில் எழுதிவந்தார்கள். புதிதாக வந்த ஒருவர் "ஓனர் குடிச்சிருக்காரா?" என்று கடைப் பையனிடம் கேட்டிருக்கிறார். அதுவும் எனக்குக் கேட்கவில்லை, பையன் சாயங்காலம் சொன்னான்.

2017-ல் ஆபரேஷன். எல்லாம் சேர்த்து 8.5 லட்சம். வீட்டுக்காரி நகை பாதி, ஒரு மனை மீதி. மூன்று வாரம் கழித்து ஸ்விட்ச் ஆன் செய்தார்கள். அன்று அழுது கட்டிப்பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். வீட்டுக்காரி "கேக்குதா?" என்றது, ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்காதபோது வருமே, அந்தக் கீச்சு. வெறுத்துவிட்டது. அதற்குப் பிறகு மேப்பிங், அதாவது அந்தக் கம்பியில் கரண்ட் கொடுக்கும் ஒவ்வொரு முனைக்கும், எலெக்ட்ரோடு என்பார்கள், எவ்வளவு கரண்ட் என்று திருத்துவது. அதற்கு நடையாய் நடந்தேன். எட்டாவது படித்த மகள் தினமும் பேப்பரால் வாயை மறைத்துக்கொண்டு செய்தி வாசிப்பாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் டெஸ்ட் ரூமில் 86 சதவீத வாக்கியங்களைச் சரியாகச் சொன்னேன்.

அதே வாரம் ஒரு கல்யாணம். தவில் அடி அடியாகக் கேட்டது. நாதஸ்வரமோ தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு. இயற்கையில் சுமார் 3,500 உள்வரிசை மயிர்ச் செல்கள் செய்யும் வேலையை என் காதில் 22 எலெக்ட்ரோடு செய்கிறது. தாளம் வந்துவிடும், சுருதி எங்கே வரும்? பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசியதில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. 86 சதவீதம் அந்த மூடிய அறையோடு சரி. ஆனால் இன்றைக்கு ஃபோனில் ஆர்டர் எடுக்கிறேன். போட்ட காசு எனக்கு அதில் வந்துவிட்டது.

எல்லோரும் முதல் செலவை மட்டும் கேட்கிறார்கள். காதுக்கு வெளியே மாட்டும் பிராசஸருக்கு ஆயுசு உண்டு. போன வருஷம் என்னுடையது செத்தது. வாரன்டி முடிந்தாயிற்று, பழைய மாடலுக்கு ஸ்பேர் இல்லை, புதுசு 3.9 லட்சம் என்றார்கள். இன்ஷூரன்ஸில் 'வெளிக்கருவி, தர முடியாது' என்று ஒரு வரி மெயில். வெளிக்கருவி இல்லாமல் மண்டைக்குள் இருப்பது என்ன செய்யுமாம்? 23 நாள் வலது காது கட்டை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் செய்கிறார்கள். நல்ல விஷயம், பொறாமை இல்லை. பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு அந்த வயதைத் தாண்டினால் பேச்சு வருவது கஷ்டம். எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்பதாகக் கமெண்டில் கிளம்பிவிடாதீர்கள். நான் வரி கட்டுகிறவன், கடனும் கட்டுகிறேன்.

இன்னொன்று, கேட்காத கேள்விதான். ஓடிடியில் தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் இங்கிலீஷ் சப்டைட்டில்தான் போடுகிறார்கள். தமிழ்ப் படத்தைப் பார்க்கும் தமிழனுக்குக் காது கேட்காமல் இருக்கலாம் என்று யாருக்குமே தோன்றவில்லையா? நான் பத்தாவதோடு நின்றவன். மகள் பக்கத்தில் இருந்தால்தான் எனக்குக் கதை.

சரி, அப்பா விஷயம். மெஷினை மாட்டிவிட்டு, வார்த்தைகளை எத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறார் என்று ஆடியாலஜிஸ்டிடம், அதாவது கேட்கும் திறனைச் சோதிப்பவரிடம், டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். சிலருக்கு மெஷினின் செட்டிங்கைத் திருத்தினாலே போதும். மாட்டியும் மோசமாக இருந்தால் இம்ப்ளாண்ட் பற்றிப் பேசுங்கள், வருஷக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். அதிக காலம் கேட்காமல் கிடந்த காது மெதுவாகத்தான் பழகும். ஆபரேஷன் செலவை அண்ணன் தம்பி பங்கு பிரிக்கும்போதே, ஆறேழு வருஷம் கழித்து வரும் பிராசஸர் செலவையும் கணக்கில் வையுங்கள். டப்பாவில் கிடக்கும் மெஷினை விற்றுவிட வேண்டாம். கீழ் சுருதி எனக்கு இன்றும் இடது காது மெஷினில்தான் வருகிறது, அப்பாவுக்கும் இம்ப்ளாண்ட் வைக்காத காதுக்கு வேண்டியிருக்கும்.