அரசமைப்புப் பாடம் பயமுறுத்தினால் சட்டம் படிக்கலாமா?

மகளுக்குச் சட்டம் படிக்க ஆசை, ஆனால் அரசமைப்புப் பாடத்தைக் கண்டாலே மிரள்கிறாள், இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஒத்துவரும். படிக்கும் முறையைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

சட்டத்தின் ஆட்சி, அதிகாரப் பிரிவினை, நீதிப்புனராய்வு, கூட்டாட்சி என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் எழுதி உருப்போடுகிறாள் என்கிறீர்கள். அப்படிப் படித்தால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். எந்தச் சொல் வந்தாலும், இங்கே யார் யாரைத் தடுக்க முடியும், எதை வைத்துத் தடுக்க முடியும் என்று கேட்கச் சொல்லுங்கள். ஆள்பவருக்கும் எல்லை உண்டு என்பதுதான் அரசமைப்புவழி ஆட்சியின் உயிர்நாடி.

அமெரிக்காவில் ஒரு மசோதா என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசின் இரு அவைகளும் நிறைவேற்றினாலும் அதிபர் வீட்டோ போட்டு, அதாவது ஒப்புதல் மறுத்து, தடுக்கலாம். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு மறுபடி நிறைவேற்றினால் அந்த வீட்டோ செல்லாது. சரி, சட்டமாகிவிட்டது. அதன் பிறகும் யாராவது வழக்குப் போட்டால், அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கலாம். இதுதான் நீதிப்புனராய்வு. 1787-இல் எழுதிய அரசமைப்பில் இந்த அதிகாரம் வெளிப்படையாக இல்லை. 1803-இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இதை நிலைநாட்டியது. தீர்ப்பு பிடிக்காவிட்டால் அரசமைப்பையே திருத்தலாம். ஆனால் அதற்கு 50 மாநிலங்களில் 38 சம்மதிக்க வேண்டும். மத்திய அரசும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டாட்சி என்ற சொல்லின் கனம் அங்கே புரியும்.

அப்புறம், எழுதி வைத்த அரசமைப்பு இருந்தாலே போதும் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. பல மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். சோவியத் ஒன்றியத்தின் 1936 அரசமைப்பு பேச்சுரிமையை வாக்களித்தது. அடுத்த ஆண்டே மக்கள் கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள், தட்டிக்கேட்க எந்த நீதிமன்றமும் இல்லை. பிரிட்டனில் அரசமைப்பு என்று ஒரே ஆவணம் கிடையாது, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யவும் முடியாது. ஆனாலும் 2019-இல் பிரதமரின் ஆலோசனைப்படி நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்தது செல்லாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது, அரசும் அதற்குக் கட்டுப்பட்டது. இந்த இரண்டையும் அருகருகே வைத்து அவளே ஒரு பக்கம் எழுதட்டும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன், இந்தியாவின் கேசவானந்த பாரதி வழக்கைப் பற்றிப் படிக்கக் கொடுங்கள். நாடாளுமன்றம் திருத்தலாம், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்க முடியாது என்று 1973-இல் சொன்ன தீர்ப்பு அது. முழுத் தீர்ப்பும் மிக நீளம், நல்ல சுருக்கமே போதும். இரு தரப்பு வாதங்களிலும் மனம் லயித்தால் தயங்காமல் சட்டத்தில் சேருங்கள். வழக்கைவிட அரசு இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதில்தான் ஆர்வம் என்றால் அரசியல் அறிவியலோ பொது நிர்வாகமோ பொருந்தும். இரண்டும் மதிப்புள்ள வழிகள்தான். முடிவை அவளிடமே விடுங்கள்.