பரணில் ஏறிய டிபன் பாக்ஸ்

கேள்வி: இரண்டாந்தாரமாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. எதைத் தொட்டாலும் இறந்துபோன முதல் மனைவியின் பெயர். ஹிட்ச்காக்கின் 'ரெபெக்கா' பார்த்தேன். படம் முடியும்வரை பெயரே இல்லாத அந்தக் கதாநாயகி நான்தான். செத்துப்போன முதல் மனைவி ரெபெக்காவின் மேசைச் சாமான்களை அகற்றச் சொல்லி, 'இப்போது நான்தான் மிஸஸ் டி வின்டர்' என்று அவள் சொன்னபோது கைதட்டினேன். உளவியல் அறிஞர் யுங் சொல்லும் 'நிழல்' இதுதானா? என் அடையாளத்தை எப்படி மீட்பது? (பேர் வெட்டிய பழைய டிபன் பாக்ஸைப் பரணில் போட்டுவிட்டு, ஒன்பது வயது மகளுக்குப் புதிது வாங்கினேன். மூன்று நாளாகச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். அது வேறு தொல்லை.)
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அது வேறு தொல்லையா? ஒரு குழந்தை மூன்று நாள் மதியம் பட்டினி கிடந்திருக்கிறாள். அதை அடைப்புக்குறிக்குள் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

யுங்கை இழுத்திருக்கிறீர்கள், சரி. நிழல் என்று அவர் சொன்னது செத்துப்போன சக்களத்தியை அல்ல. நம்மிடமே இருந்தும் நாம் பார்க்க மறுக்கிற பகுதியை. பார்க்க மறுப்பதால் அதை அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறோம். 1940இல் வந்த அந்தப் படத்தில் ரெபெக்காவின் முகத்தை ஒரு தடவைகூடக் காட்டமாட்டார்கள், கவனித்தீர்களா? முகவரிப் புத்தகத்தில், சாப்பாட்டு மேசைத் துணியில், 'ஆர்' என்ற எழுத்துதான். முகத்தை வரைந்துகொள்வது அந்தப் பெண். தன்னிடம் இல்லையென்று நினைக்கிற அழகு, தைரியம், கணவன் பிரியம் எல்லாவற்றையும் அதில் ஏற்றுகிறாள். கடைசியில் பார்த்தால் கணவனுக்கு ரெபெக்காவைக் கண்டாலே ஆகாது!

நீங்கள் கைதட்டிய காட்சிக்கு அப்புறம் என்ன ஆகிறது? சாமான்களை அகற்றச் சொன்ன அதே பெண், வீட்டு நிர்வாகி டான்வர்ஸ் பேச்சை நம்பி, ரெபெக்கா முன்பு உடுத்திய அதே மாறுவேட உடுப்பில் படியிறங்கி வருகிறாள். மேசையிலிருந்து போனது உடம்பில் ஏறிக்கொண்டது.

ரெபெக்காவுக்குப் பிள்ளை கிடையாது. உங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டாந்தாரமாக வருகிறவள் புருஷனுக்கு மட்டும் வாழ்க்கைப்படுவதில்லை. பழைய பஞ்சாங்கம் என்று திட்டினாலும் நான் மாற்றிச் சொல்லமாட்டேன். மூடியில் வெட்டியிருப்பது உங்களுக்குச் சக்களத்தி பெயர், அவளுக்கு அம்மா பெயர். பள்ளிக்கூடத்தில் தினமும் மூடியைத் திறக்கும்போது விரலில் தட்டுப்பட்ட பெயர்.

கணவரிடம் பேசுவதெல்லாம் அப்புறம். இன்று ராத்திரியே ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்குங்கள். தேய்த்துக் கழுவிவிட்டு, அம்மா இதில் என்ன கட்டித் தருவாள் என்று அவளிடமே கேளுங்கள். எலுமிச்சைச் சாதமோ, தோசையோ, சொல்லுவாள். காலையில் அதையே செய்து கொடுங்கள்.