பிரேக் ஹோஸில் வெடிப்பு: ஒழுகும்வரை காத்திருக்கலாமா?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னுடையது 2008ஆம் ஆண்டு கொரோலா. முன்சக்கர பிரேக் பேட் மாற்றும்போது இரு பக்க ரப்பர் ஹோஸ்களிலும் மெல்லிய வெடிப்புகளைக் கண்டேன். க்லூஃபிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கி பைன்டவுன் வரும்போது, மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. இடது சக்கரத்தில் தீய்ந்த வாடையும் வருகிறது. பட்டறையில் 'ஒழுகவில்லையே, ஓட்டலாம்' என்றார்கள். ஹோஸை மாற்றத்தான் வேண்டுமா? நானே மாற்றலாமா?"

மாற்றத்தான் வேண்டும் ஐயா. மாற்றும்வரை வண்டியை எடுக்கவும் வேண்டாம். உங்கள் கண்ணில் பட்டது வெளியிலுள்ள வெடிப்பு. என்னைக் கவலைப்பட வைப்பதோ, காலை எடுத்த பிறகும் தொடரும் அந்த இழுப்பு.

பிரேக் ஹோஸ் என்பது ஒற்றை ரப்பர் குழாய் அன்று. பிரேக் எண்ணெய் ஓடும் உட்குழாய், அதன்மேல் அழுத்தத்தைத் தாங்கும் இழைப்பின்னல், எல்லாவற்றுக்கும் மேலே வெயிலையும் கல்லடியையும் தாங்கும் வெளியுறை எனப் பல அடுக்குகள் அதில் உண்டு. 3 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த உள்விட்டமுள்ள புதிய ஹோஸ், சதுர அங்குலத்துக்கு 7,000 பவுண்டுக்குக் குறைவான அழுத்தத்தில் வெடிக்கக் கூடாது என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. ஆகவே வெளியுறையில் நகக்கண் அளவு வெடிப்பு இருப்பதாலேயே ஹோஸ் நாளைக்கே அறுந்துவிடாது. ஆனால் ரப்பர் முதிர்ந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. வெடிப்பின் வழியே இழை தெரிந்தாலும், எங்காவது புடைப்போ ஈரமோ இருந்தாலும், உலோக முனையை ஒட்டி உறை உரிந்திருந்தாலும் அந்த ஹோஸுக்கு ஒரு நாள்கூடத் தவணை தரக் கூடாது.

வெளியே தெரியாத கேடு வேறு. உட்குழாய் நாட்பட ஊதிப் பாதையைக் குறுக்கும்; அல்லது அதன் உட்சுவரிலிருந்து ஒரு செதில் பிரிந்து கதவுபோல் நிற்கும். மிதியை அழுத்தும்போது உங்கள் காலின் வலிமை எண்ணெயை அந்த இடுக்கின் வழியே தள்ளிவிடும். காலை எடுத்ததும் அது திரும்பி வர வலுவில்லை. பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைக் கவ்வியபடியே இருக்க, சக்கரம் சூடேறி வண்டி அப்பக்கம் இழுக்கும். நீங்கள் விவரித்தது இதனோடு அப்படியே பொருந்துகிறது. ஆயினும் ஊகத்தின் பேரில் பணம் செலவழிக்க வேண்டாம், சோதித்துவிடலாம்.

சக்கரங்கள் ஆறிய பிறகு, சமதரையில் பின்சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, முன்பக்கத்தை உயர்த்தி ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை நீட்டக் கூடாது. எஞ்சினை இயக்கி, மிதியைச் சிலமுறை நன்றாக அழுத்தி விட்டபின், எஞ்சினை நிறுத்திவிட்டு இரு சக்கரங்களையும் கையால் சுற்றிப் பாருங்கள். இடது சக்கரம் இறுகியிருந்தால், பேடை டிஸ்கின்மேல் அழுத்தும் காலிப்பரில் எண்ணெயையும் காற்றையும் வெளிவிட இருக்கும் சிறு திருகை, அதாவது பிளீடர் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று பொருள். விடுபடாவிட்டால் காலிப்பரின் பிஸ்டனோ வழுக்கு ஊசிகளோ துருப்பிடித்து இறுகியிருக்கின்றன, ஹோஸை மட்டும் மாற்றினால் இழுப்பு தீராது. அழுத்தம் சிறைப்பட்டிருந்தால் மீண்டும் மிதியை அழுத்தி விட்டு, இம்முறை இரும்புக் குழாய் ஹோஸோடு சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் குறை அதற்கு மேலே, மிதியின் பக்கம். விடுபடாமல் நிப்பிளில் மட்டும் விடுபட்டால் குற்றவாளி ஹோஸ்தான்.

தென்னாப்பிரிக்காவில் சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை கிடையாது. வண்டி கைமாறும்போதுதான் சான்றிதழ் கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே கையில் இருக்கும் வண்டியின் ஹோஸை எவருமே பார்க்காமல் போவதற்கு இது வழிசெய்கிறது. பேட் மாற்றும் ஒவ்வொரு முறையும் நீங்கள் பார்த்ததுபோல் பார்ப்பது மிக நல்லது.

இனி மாற்றும் வேலை. ஒரு பக்கம் கெட்டால் அதே வயதுள்ள மறுபக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். டர்பனின் உப்புக்காற்றில் இரும்புக் குழாயின் நட்டு பெரும்பாலும் துருவேறியிருக்கும் என்பதால், முதல்நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள். சாதாரண திறந்தவாய் ஸ்பானர் அந்த மென்மையான நட்டின் முனைகளை மழுக்கிவிடும். குழாய் நுழைய ஒரு பிளவு மட்டும் விட்டு, நட்டை ஏறக்குறைய முழுதும் சுற்றிப் பிடிக்கும் ஸ்பானரை வாங்கிக்கொள்ளுங்கள். நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொண்டால் அங்கேயே நிறுத்தி, பிரேக் வேலை தெரிந்தவரை அழையுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடுவதும், எண்ணெய் சொட்டாமலிருக்க ஹோஸைக் குறட்டால் நெரிப்பதும் நல்ல ஹோஸையே உள்ளுக்குள் கெடுக்கும் பழக்கங்கள்.

புதிய ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் போல்டின் இருபுறமும் புதிய செப்பு வாஷர்கள் வேண்டும்; பழையவை ஒருமுறை நசுங்கியவை, மறுபடி சரியாக அடைக்கும் என்று நம்ப முடியாது. போல்டை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் இறுக்குங்கள். இரும்புக் குழாயின் நட்டை முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றினால் மரை கெடாது. ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை என்பதை அதன்மேல் நீளவாக்கில் ஓடும் கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஸ்டியரிங்கை இரு கடைசிக்கும் திருப்பி, டயரிலோ ஸ்பிரிங்கிலோ ஹோஸ் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் வண்டிக்கு வேண்டிய பிரேக் எண்ணெய் டாட் 3 ரகமா, டாட் 4 ரகமா என்பதை எண்ணெய்த் தொட்டியின் மூடியே சொல்லும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரையும் டாட் 4 230 வரையும் கொதிக்காமல் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு முறையே 140, 155 என்று இறங்குகிறது. கவ்வியபடியே சுழலும் பிரேக்கோடு நீண்ட இறக்கத்தில் வருவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும்: எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி தரைவரை போகும். எனவே மூடியிட்ட புதிய புட்டியையே வாங்குங்கள். எஞ்சின் எண்ணெய் ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது. பிரேக்கின் ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெட்டுவிடும்.

ஹோஸைக் கழற்றியபோது உள்ளே புகுந்த காற்றை நீக்க உதவிக்கு ஒருவர் வேண்டும். அவர் மிதியை அழுத்திப் பிடித்திருக்கையில் நிப்பிளைத் திறந்து, மூடியபின்தான் அவர் காலை எடுக்க வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை இதைத் தொடருங்கள். தொட்டி ஒருபோதும் வறண்டுவிடக் கூடாது, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி) உள்ள வண்டியில் காற்று அந்தக் கருவிக்குள் புகுந்தால் கணினிக் கருவியின்றி வெளியேற்றுவது கடினம். இந்த வேலையை இதுவரை செய்ததில்லை என்றால் முதல்முறை தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மிதி கெட்டியாக நின்றால், எஞ்சின் ஓடும்போது அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த தாளால் ஒற்றிப் பாருங்கள். பிறகு தெருவில் மெல்ல ஓட்டிப் பார்த்து, ஒரு வாரம் கழித்து இணைப்புகளை மீண்டும் ஒற்றிப் பாருங்கள். கழற்றிய இடது ஹோஸை எறிந்துவிடாமல் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உட்சுவர் ஊதியோ செதில் பிரிந்தோ இருந்தால், "ஒழுகவில்லையே" என்ற பட்டறையாரிடமும் அதைக் காட்டுங்கள்.