போனை மாற்றலாமா, பேட்டரியை மாற்றினால் போதுமா? கேள்வி பதில்

கேள்வி: ரெட்மி நோட் 10 ப்ரோ, 2021-ல் வாங்கியது. மதியம் மூணு மணிக்கே சார்ஜ் தீந்துடுது. மத்தபடி நல்லா ஓடுது. பேட்டரி மட்டும் மாத்தட்டுமா, புதுசே வாங்கிடட்டுமா? (மதுரை)

பதில்: பேட்டரிக்கு முன்னால் ஒரு தேதியைப் பாருங்கள். செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டால், கடைசியாக வந்த செக்யூரிட்டி அப்டேட் எந்த மாதத்தது என்று காட்டும். உங்கள் மாடல் ஆண்ட்ராய்டு 11-ல் வந்து 13-ஓடு நின்றுவிட்டது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் இனி அதில் அடைபடாது. வங்கி ஆப், ஜிபே எல்லாம் அதில்தான் என்றால் புது பேட்டரி போடுவது, பூட்டு உடைந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல. வேறு போன் வாங்குங்கள். பாட்டு கேட்க, பிள்ளைகள் யூடியூப் பார்க்க மட்டும் என்றால் பேட்டரி போதும்.

இதையே கேலக்ஸி ஏ54 வைத்திருப்பவர் கேட்டால் பதில் தலைகீழ். 2023 மார்ச்சில் வந்த அந்த போனுக்கு நான்கு ஆண்ட்ராய்டு வெர்ஷனும் ஐந்து வருட செக்யூரிட்டி அப்டேட்டும் என்பது சாம்சங் சொன்ன கணக்கு. 2028 வரை ஓடும். அதற்குப் பேட்டரி போடுவது நல்ல செலவு.

போடும் முன் குற்றவாளி பேட்டரிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் கேமராவைத் திறந்ததும் சட்டென்று அணைந்தால், அது பேட்டரி. அணையாமல் சீராக, ஆனால் வேகமாக இறங்கினால் ஏதோ ஒரு ஆப் பின்னால் ஓடுகிறதா, நீங்கள் இருக்கும் இடத்தில் சிக்னல் மோசமா என்று முதலில் பாருங்கள். சிக்னல் மோசமென்றால் டவரைத் தேடித் தேடியே சார்ஜ் போகும். அதற்குப் புது பேட்டரி மருந்தாகாது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் விலை கேட்டுவிட்டுப் போங்கள். பேட்டரி, கூலி, வரி சேர்த்து வரும் தொகை, அந்த போனை இன்று விற்றால் கிடைப்பதில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம். வெளிக்கடை பேட்டரியில் அச்சடித்திருக்கும் எம்ஏஎச் (கொள்ளளவு) எண்ணை நம்ப வேண்டாம். ஸ்டிக்கரில் எந்த எண்ணையும் அடிக்கலாம்.

கேள்வி: அப்போ ஏ54-லிருந்து ஏ56-க்கு மாறுவது? (கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம். 25 வாட் சார்ஜிங் 45 ஆகும், ஆறு வருட அப்டேட் கிடைக்கும், சிப் கொஞ்சம் வேகம். ஆனால் ஏ56-ல் மெமரி கார்டு போட இடமே இல்லை. கார்டில் படம், பாட்டு எல்லாம் வைத்திருப்பவர்கள் வாங்கி வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட ரியல்மீ 10 ப்ரோ பிளஸ் இருக்கு, டைமென்சிட்டி 1080. நண்பன் 11 ப்ரோவை விக்கிறான், அதுல 7050. நம்பர் ஏழு மடங்கு பெருசா இருக்கே, வாங்கலாமா?

பதில்: இரண்டும் ஒரே சிப், தம்பி. மீடியாடெக் 1080-க்குப் பெயர் மாற்றி 7050 என்று விட்டது. இப்படித்தான் 810-ஐ 6080 ஆக்கினார்கள், 700-ஐ 6020 ஆக்கினார்கள். எண்ணை விட்டுவிட்டு, சிப் எத்தனை நானோமீட்டரில் செய்தது, உள்ளே என்ன கோர் என்று பாருங்கள். 'ஏ78 இரண்டு, ஏ55 ஆறு' என்று இரண்டிலும் ஒரே வரி இருந்தால், வெளியில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

கேள்வி: இளம்பிள்ளையில் சேலை வியாபாரம். வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர். 'படத்தில் பார்த்த கலர் வேற, வந்த கலர் வேற' என்று திருப்பி அனுப்புகிறார்கள். 50 மெகாபிக்சல் போனிலிருந்து 108-க்கு மாறினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. 108 மெகாபிக்சல் கேமரா, ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் கொடுக்கும். 50-ம் நான்கு நான்காகச் சேர்த்து ஏறக்குறைய அதே 12-க்குத்தான் வரும். பிறகு வாட்ஸ்அப் அதையும் சுருக்கிவிடும்.

நிறம் மாறுவதற்குக் காரணம் வெளிச்சம். ஜன்னல் வெயிலும் மேலே எல்இடி டியூபும் ஒன்றாக விழுந்தால், எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று போனுக்குக் குழப்பம். மெரூன் செங்கல் நிறமாகும், கத்தரிப்பூ நிறம் நீலமாகும். டியூபை அணையுங்கள். நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கமாகச் சேலையை விரியுங்கள். முந்தானைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். கேமராவில் 'ப்ரோ' மோடு போய், அந்தத் தாள் திரையில் வெள்ளையாகத் தெரியும்வரை ஒயிட் பேலன்ஸை நகர்த்துங்கள். தாளை எடுத்துவிட்டு, அதே அமைப்பில் அன்றைய எல்லாச் சேலைகளையும் எடுத்துவிடலாம். ஏஐ சீன், 'விவிட்' போன்றவை அணைந்திருக்கட்டும். சரிகை பளபளத்து வெளுத்துப்போனால் எக்ஸ்போஷரை அரைப் புள்ளி குறையுங்கள். அனுப்பும்போது எச்டி பொத்தானைத் தட்டி அனுப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்ற வேண்டும் என்று தோன்றினால் மெகாபிக்சலை விட்டு இரண்டை மட்டும் பாருங்கள்: ஓஐஎஸ் (கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸை அசைக்கும் வசதி) உண்டா, சென்சார் எவ்வளவு பெரியது. 1/1.56 அங்குலம் என்பது 1/2.76-ஐ விடப் பெரிது. கீழே இருக்கும் எண் சின்னதாக இருக்க வேண்டும். 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் எல்லாம் பின்பக்கத்தில் வட்டம் கூட்டுவதற்கு.

கேள்வி: 8 ஜிபி ராம், கூட 8 ஜிபி வெர்ச்சுவல் என்று போட்டிருக்கிறான். 16 என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: 8 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெர்ச்சுவல் என்பது ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கும் இடம்.

கேள்வி: அம்மாவுடைய போன் ரொம்ப ஹேங் ஆகிறது. 64 ஜிபியில் 61 நிறைந்துவிட்டது. புதிதுதான் வழியா? (தஞ்சாவூர்)

பதில்: முதலில் இடத்தைக் காலி செய்யுங்கள். ஸ்டோரேஜ் முழுக்க நிறைந்த போனில், புதிதாக எதையாவது எழுதுவதற்கு முன் பழையதை அங்கும் இங்கும் நகர்த்தி இடம் பண்ண வேண்டியிருக்கும். கேமராவைத் தொட்டு ஐந்து வினாடி கறுப்புத் திரை என்றால் பெரும்பாலும் இதுதான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும். காலை வணக்கப் படங்கள் எத்தனை ஜிபி என்று அங்கே தெரியும். அழித்த பிறகு ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நான்கு மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி. எட்டிலிருந்து பத்து ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் திணறினால் உள்ளே இருப்பது இஎம்எம்சி 5.1 என்ற மெதுவான வகை ஸ்டோரேஜாக இருக்கலாம். அது படிக்கும் வேகம் வினாடிக்கு 300 எம்பி பக்கம். யுஎஃப்எஸ் 2.2 அதைப்போல மூன்று மடங்கு. இந்த இடத்தில் போன் மாற்றினால் வித்தியாசம் கையிலேயே தெரியும். புதிது எடுக்கும்போது 128 ஜிபி, யுஎஃப்எஸ் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கம்பெனி தளத்தில் பாருங்கள். அங்கேயும் ஸ்டோரேஜ் வகையைச் சொல்லாமல் விட்டிருந்தால் சந்தேகப்படுவது நல்லது.

கேள்வி: ஒரே வீடு, ஒரே ஜியோ. தம்பி போனில் ரூமுக்குள்ளேயே 5ஜி வருகிறது, என் 5ஜி போனில் மாடிக்குப் போனால்தான் வருகிறது. போன் கோளாறா? (சேலம்)

பதில்: கோளாறு இல்லை, உங்கள் போனில் ஒரு பேண்ட் (அலைவரிசை) இல்லாமல் இருக்கலாம். இங்கே ஜியோ 5ஜி முக்கியமாக 700 மெகாஹெர்ட்ஸிலும் (என்28) 3500-லும் (என்78) வருகிறது. 3500 சுவரைத் துளைக்கத் திணறும், 700 உள்ளே வந்துவிடும். 5ஜி வந்த புதிதில் விற்ற சில போன்களில் என்78 மட்டும்தான் இருந்தது. உங்கள் மாடலின் பேண்ட் பட்டியலில் என்28 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த அப்டேட்டாலும் வராது.

ஏர்டெல் வைத்திருப்பவர்களுக்கு வேறு கண்ணி. ஏர்டெல் 5ஜி-யைப் பெரும்பாலும் என்எஸ்ஏ முறையில், அதாவது 4ஜி-யின் முதுகில் ஏற்றிக் கொடுத்தது. 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜி போன்றவற்றில் எஸ்ஏ, அதாவது 4ஜி துணை இல்லாமல் தனியாக நிற்கும் 5ஜி, மட்டும்தான் உண்டு. பெட்டியில் 5ஜி என்று இருந்தது, வந்த சமயத்தில் ஏர்டெல் சிம் போட்டால் 4ஜி-தான் கிடைத்தது.

கேள்வி: ஐபோன் 13, பேட்டரி ஹெல்த் 79. ஐபோன் 16 விலை குறைந்திருக்கிறது. மாறலாமா?

பதில்: 13-க்கு ஐஓஎஸ் 26 வந்திருக்கிறது, ஏ15 சிப் இன்னும் சளைக்கவில்லை. 500 முழு சார்ஜில் 80 சதவீதம் என்பது 14 வரையிலான மாடல்களுக்கு ஆப்பிளே சொல்லும் கணக்கு. ஆக உங்களுடையது வயதுக்குத் தகுந்தபடிதான் தேய்ந்திருக்கிறது. பேட்டரி மாற்றுங்கள். மாறியே ஆக வேண்டும் என்றால் 16 அல்ல, 17. காரணம், 16-ன் திரையும் உங்கள் 13 மாதிரியே 60 ஹெர்ட்ஸ், ஆரம்ப ஸ்டோரேஜும் அதே 128. 17-ல்தான் 120 ஹெர்ட்ஸும் 256 ஜிபியும் வந்தன. இந்தியாவில் 82,900 ரூபாயில் ஆரம்பித்தது. 16-க்குப் போனால் உங்களுக்குப் புதிதாகத் தெரியப்போவது முக்கியமாக டைப்-சி துளையும் கேமராவும்.

கேள்வி: பழைய ஐபோன் 12 ஒன்று வருகிறது. 'பேட்டரி ஹெல்த் 100' என்கிறார். என்ன பார்த்து வாங்க வேண்டும்? (திருச்சி)

பதில்: 2020 போனில் 100 என்றால் பெரும்பாலும் பேட்டரி மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். எந்த பேட்டரியைப் போட்டார்கள் என்பதுதான் கேள்வி. செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட்டில் 'பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி' பாருங்கள். பேட்டரியோ டிஸ்ப்ளேயோ கேமராவோ 'அன்னோன் பார்ட்' என்று இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து *#06# அடித்து ஐஎம்இஐ எண் எடுங்கள். ஆங்கில எழுத்தில் கேஒய்எம் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட் என்று பதில் வந்தால் தொடாதீர்கள். பணம் கொடுக்கும் முன் அவர் கையாலேயே 'ஃபைண்ட் மை'-யை அணைத்து, போனை அழித்து, 'ஹலோ' திரைவரை கொண்டுவரட்டும். 'வீட்டுக்குப் போய் பாஸ்வேர்டு அனுப்புறேன்' என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

கேள்வி: டெலிவரி வேலை. வண்டி ஹேண்டிலில்தான் போன் இருக்கும். மதியத்தில் திரை மங்கி மேப்பே தெரிவதில்லை. 4000 நிட்ஸ் (திரை வெளிச்ச அளவு) போன் எடுக்கலாமா?

பதில்: அந்த 4000, திரையில் ஒரு மூலை மட்டும் சில நொடி எரிவதைச் சொல்லும் எண். முழுத் திரைக்கு 'எச்பிஎம்' என்று தனியாக ஒரு எண் கொடுப்பார்கள், அதைப் பாருங்கள். ஆனால் உங்கள் திரை மங்குவது சூட்டினால். வெயில், மேப், டேட்டா, கூடவே சார்ஜ் என்று நான்கும் சேரும்போது போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைக் குறைக்கும். புது போனும் அதையே செய்யும். ஓடும்போது சார்ஜ் போடுவதை நிறுத்தி, நிழலில் நிற்கும்போது போடுங்கள். தடித்த ரப்பர் கவரைக் கழற்றுங்கள்.

இன்னொன்று: ஓஐஎஸ் உள்ள போனை நேராக ஹேண்டிலில் மாட்டினால் எஞ்சின் அதிர்வில் கேமரா கெட்டுப்போகலாம். 2021-ல் ஆப்பிளே இதை எழுத்தில் எச்சரித்தது. ஒரு நாள் திடீரென்று படம் நடுங்கும், ஃபோகஸ் நிற்காது. அதிர்வு தாங்கும் டேம்பர் வைத்த ஹோல்டர் வாங்குங்கள். இல்லையென்றால் இந்த வேலைக்கு ஓஐஎஸ் இல்லாத சாதாரண போனே நல்லது.

கேள்வி: 'நோ காஸ்ட் இஎம்ஐ' உண்மையிலேயே வட்டி இல்லாததா?

பதில்: வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்துவிட்டு வட்டியை உங்களிடம் வாங்குகிறார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. 24,000 ரூபாய் போனை 15 சதவீத வட்டியில் ஆறு மாதத்துக்கு எடுத்தால் வட்டி ஆயிரம் சொச்சம், அதற்கு ஜிஎஸ்டி 180 ரூபாய் பக்கம். பிராசசிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் வரி. மொத்தத்தில் 400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் கூடுதல். முழுப் பணம் கட்டினால் மட்டும் கிடைக்கும் கார்டு தள்ளுபடி ஏதாவது இருந்து, அதை இழந்தால், அதையும் இதில் கூட்டுங்கள்.

கேள்வி: புது போன் வந்துவிட்டது. மாற்றும்போது எது தவறும்? (புதுச்சேரி)

பதில்: பழையதை அவசரப்பட்டு அழிப்பதுதான். ஒரு வாரம் இரண்டும் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்: ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டு என்றால் பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்'. புதிதில் தெரியும் க்யூஆரை பழையதால் ஸ்கேன் செய்தால் நேராகப் போய்விடும், கூகுள் டிரைவின் 15 ஜிபியைத் தின்னாது. யுபிஐ: வங்கியில் பதிந்த சிம் புது போனில் இருக்க வேண்டும், அதில் எஸ்எம்எஸ் போகிற ரீசார்ஜ் இருக்க வேண்டும். 'வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்' புகார்களில் பெரும்பாலும் இந்த ரீசார்ஜ்தான் தீர்ந்திருக்கும், அல்லது இரண்டு சிம்மில் தவறானதைத் தேர்ந்திருப்பார்கள். ஆண்ட்ராய்டில் முதல் 24 மணி நேரம் பொதுவாக 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும், பள்ளிக் கட்டணம் கட்டும் நாளில் போன் மாற்றாதீர்கள். ஆதென்டிகேட்டர் ஆப் (லாகினுக்கு மாறும் எண் தருவது) இருந்தால் அதை மறக்காமல் நகர்த்துங்கள். எல்லாம் முடிந்த பிறகு பழைய போனில் முதலில் கூகுள் கணக்கை நீக்கி, அப்புறம் ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் ரெகவரி மெனு வழியாக அழித்தால் வாங்குகிறவர் உங்கள் பழைய கணக்கைக் கேட்டு போன் செய்வார்.

கேள்வி: மேஜையில் கிடந்த பழைய போனின் பின்மூடி ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறது. அழுத்தி ஒட்டிவிடலாமா?

பதில்: அழுத்தாதீர்கள். கண்ணாடி மேல் மல்லாக்க வைத்து ஒரு மூலையைச் சுண்டிப் பாருங்கள். பம்பரம் போலச் சுழன்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அணைத்துவிடுங்கள், சார்ஜ் போட வேண்டாம், துளைத்துக் காற்றை வெளியேற்றும் யோசனை வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். மணல் போட்ட மண்சட்டியிலோ இரும்புப் பாத்திரத்திலோ வைத்து, துணி, மரச்சாமானிலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டொரு நாளுக்குள் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கி அங்கே பற்றிக்கொள்ளும்.