கடற்கரைப் பதிவில் ஓர் உறுமல்

அன்புள்ள ஐயா,

பெசன்ட் நகர் கடற்கரையில் மாலையில் அலையோசையைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். வீட்டில் போட்டுக் கேட்டால் அலையே இல்லை. லாரி மேடேறுவது போல ஓர் உறுமல் மட்டும். அங்கே நின்றபோது இப்படி எதுவும் என் காதில் விழவில்லையே? கைப்பேசியில் கோளாறா?

— ஒரு வாசகர், அடையாறு

அன்புள்ள நண்பருக்கு,

கைப்பேசியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். கறாராகச் சொன்னால் அந்த உறுமல் ஒலியே அல்ல. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் பரவும். உங்கள் மைக்கில் மோதியவை கடற்காற்றோடு, அதன் வேகத்திலேயே மிதந்துவந்த சுழல்கள். ஒவ்வொன்றும் கடக்கும்போது மைக்கின் உள்ளே அதிரும் மெல்லிய சவ்வின் மீது அழுத்தம் ஏறி இறங்கும்.

காற்று வினாடிக்கு 5 மீட்டர் வீசுகிறது என்று வையுங்கள். 5 செ.மீ. சுழல் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 100 முறை, துடிப்பைத் தரும்; 1 மீட்டர் சுழல் 5 ஹெர்ட்ஸ். 50 மீட்டர் சுழல் கடந்துபோகப் பத்து வினாடி ஆகும். காற்று விட்டு விட்டு அடிப்பதாக நாம் உணர்வது இத்தகைய பெரியவற்றைத்தான். அதில் தாளம் தேடாதீர்கள், கிடைக்காது.

கொந்தளிப்பான ஓட்டத்தில் ஆற்றல் பெரிய சுழல்களிடமே குவிந்திருக்கும். அவை உடைந்து சிறியவற்றுக்குக் கைமாறி, கடைசியில் வெப்பமாகித் தீரும். இந்தக் கைமாற்றத்துக்கு 1941-இல் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மகோரவ் விதி கண்டார்: அதிர்வெண் பத்து மடங்கானால் ஆற்றலடர்த்தி சுமார் 46-இல் ஒரு பங்காகும். அதனால்தான் இரைச்சலின் கனமெல்லாம் அடியில், தாழ்ந்த அதிர்வெண்களில், கிடக்கிறது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம் காது ஏறக்குறையச் செவிடு. அதற்கு மேலே இருந்ததை நீங்கள் அலையில் லயித்து ஒதுக்கியிருப்பீர்கள் என்பது என் ஊகம்.

அணு வெடிப்பை ஒட்டுக்கேட்க உலகெங்கும் நிறுவியிருக்கும் தாழொலி (காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி) நிலையங்களுக்கும் இதே தலைவலிதான். அங்கே தரையில் குழாய்களைப் பரப்பி, பல துளைகள் வழியே அழுத்தத்தை வாங்கிச் சராசரியாக்குகிறார்கள். முன்னுக்குப் பின் முரணான சுழல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒலியலை மட்டும் அழியாமல் தப்பிவிடுகிறது. மைக்குக்கு மாட்டும் பஞ்சு உறையும் சிறிய அளவில் இதையேதான் செய்கிறது. உறையைவிடப் பெரிய சுழலிடம் அதன் ஜம்பம் சாயாது.

அடுத்தமுறை உறை மாட்டி, ஒரு சுவரின் மறைவில் நின்று பதியுங்கள். மிச்சத்தைச் செயலியில் சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். ஆனால் சவ்வு எல்லை மீறி ஆடி ஒலி உடைந்திருந்தால் எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. வெட்டும் அளவை ஆசைப்பட்டு ஏற்றவும் வேண்டாம்: அலை விழும் கனத்த சத்தமும் அந்த அடிப்பகுதியில்தான் இருக்கிறது, அது போனால் நுரையின் சலசலப்பு மட்டுமே மிஞ்சும்.